படிவத்தில் இல்லாத அக்கா

பணியாளர் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வெற்றிக் கதை சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு, பின்னால் திரையில் படம் ஓட, மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொல்வார்கள். நான் உட்கார்ந்து எழுதுகிறவன். ஒரகடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஐம்பத்து நான்காவது வயதில் விருப்ப ஓய்வு பெற்றேன். விருப்பம் கம்பெனியுடையது, ஓய்வு என்னுடையது. என் சேமிப்பில் தவறுகள்தான் அதிகம். அவற்றில் சிதையாமல் அப்படியே இருக்கிற ஒன்றை உங்களிடம் தருகிறேன்.

நம் வேலை ஆளை எடுப்பதும் அனுப்புவதும் என்று வெளியில் நினைக்கிறார்கள். பாதி நேரம் நாம் செய்வது படிவம் நிரப்பவைப்பதுதான். அதில் எல்லோரையும் திணறவைக்கும் கேள்வி, 'குடும்ப உறுப்பினர்கள் யார் யார்?' இந்தப் பக்கத்து வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் வராது, விவாதம் வரும். ஒரே கூரையில் இரண்டு அடுப்பு இருக்கும். தனிக்குடித்தனம் போன தம்பி சாப்பாட்டுக்கு மட்டும் வருவான். சண்டை போட்டுப் பிரிந்த மனைவி பொங்கலுக்குத் திரும்பியிருப்பார். நான் சேர்ந்த புதிதிலேயே இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தேன்: ரேஷன் கார்டைப் பார். அதில் இருப்பவர் குடும்பம், இல்லாதவர் இல்லை. ஈ.எஸ்.ஐ., பி.எஃப்., காப்பீடு எல்லாவற்றுக்கும் இதே விதி. மூன்று நிமிடத்தில் ஒரு படிவம் முடியும். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கு இதை நான் ஏதோ தத்துவம் மாதிரி கற்றுக்கொடுத்தேன். அவர்களும் பாவம், தலையாட்டினார்கள்.

எங்கள் கம்பெனி கார்களுக்கு உதிரிபாகம் செய்துகொண்டிருந்தது. பிறகு ராணுவத் தளவாடங்களுக்குப் பாகம் செய்யும் ஆர்டர் ஒன்று கிடைத்தது. வளாகத்தின் பின்பக்கம் அதற்கென்று தனிக் கட்டடம், தனி வேலி, தனி வாசல். உள்ளே வேலை செய்ய ஒவ்வொருவருக்கும் அரசாங்கத்தின் பாதுகாப்பு ஒப்புதல் தேவை. ஒப்புதல் கிடைத்தவர் நிரந்தரத் தொழிலாளி ஆவார். கிடைக்காதவர் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வெளியே போக வேண்டியதுதான், கார் பாகம் செய்யும் பழைய லைனையே மூடப்போகிறார்கள். இந்த ரோட்டில் முப்பது வயதிலும் ட்ரெய்னி அடையாள அட்டையோடு பஸ் ஏறுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு நிரந்தரம் என்ற சொல் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தேவிகா அப்படி ஒருவர். படப்பையில் வீடு. முப்பத்தொரு வயது. டிப்ளமோ முடித்து மூன்று கம்பெனிகளில் மூன்று முறை ட்ரெய்னியாக இருந்தவர். தரப்பிரிவில் அளவெடுக்கும் மெஷினில் நின்றால், தலைமுடியில் பாதி அளவு பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். உற்பத்திப் பிரிவுக்காரர்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது. புதிய கட்டடத்துக்கான பட்டியலில் முதலில் எழுதப்பட்ட பெயர் அவருடையது.

முப்பத்தெட்டுப் படிவங்கள் வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். படிவத்தின் தலையிலேயே தடித்த எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது: எதையும் மறைத்தால் அதுவே தகுதியிழப்பு. சிகரெட் பெட்டியின் மேலிருக்கும் படத்துக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு மரியாதையை நான் அதற்குக் கொடுத்தேன். தேவிகாவின் முறை வந்தபோது புதன்கிழமை மாலை ஆகியிருந்தது.

"சார், அக்கா பேரும் போடணுமா?" என்று கேட்டார்.

"எந்த அக்கா? கார்டுல நீ, அப்பா, அம்மா, மூணு பேர்தானேம்மா இருக்கீங்க?"

"ஒருத்தி இருக்கா சார், கல்பனான்னு. கல்யாணம் ஆயி வெளிநாட்ல இருக்கா."

"எந்த நாடு?"

அவர் கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சீனா சார். மாமா சீனாக்காரரு. இங்க புது மெஷின் பொருத்தறதுக்கு வந்தவரு. அக்கா அவங்க கம்பெனில மொழிபெயர்ப்பாளரா இருந்தா."

இந்த வட்டாரத்தில் இது நடக்க முடியாத கதை அல்ல. தண்டலம் பக்கம் மதியத்தில் நின்றால் நான்கு நாட்டு மொழி காதில் விழும். அந்த மனிதர் ஒன்றரை வருடம் இங்கே இருந்து மெஷின்களைப் பொருத்தி ஓடவிட்டார். போகும்போது, பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, கல்பனாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

"எங்க அப்பா அவள தலமுழுகிட்டாரு சார்" என்றார் தேவிகா. "பேச்சுக்கு இல்ல. மொட்ட மாடி தொட்டியில தண்ணி மொண்டு நெஜமாவே ஊத்திக்கினாரு. தெருவே பாத்துது. மறுநாளே போயி ரேஷன் கார்டுலேந்து பேரையும் எடுத்துட்டாரு. வூட்ல அவ பேரையே எடுக்கக் கூடாது."

எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 'சீனா' என்ற சொல்லை அந்தப் படிவத்தில் எழுதினால் எத்தனை இணைப்புத் தாள், எத்தனை கடிதம், எத்தனை தொலைபேசி என்று என் மூளை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு தகப்பனார் தலையில் ஊற்றிக்கொண்ட தண்ணீர் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"கார்டுல இல்ல, அப்பாவே இல்லன்னுட்டாரு. அப்புறம் நீ ஏம்மா இழுத்து விடறே? 'இல்லை'ன்னு போடு."

அடுத்த பக்கத்தில் கடன் பற்றிய கேள்வி. எப்போதாவது கடன் தவணை தவறியதுண்டா? தேவிகா மறுபடி பேனாவைத் தூக்கினார். அப்பாவின் இதய ஆபரேஷனுக்காக முந்தைய கம்பெனிச் சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்கியிருக்கிறார். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். தவணை நின்றது. வசூல்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போட்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு தொகைக்குப் பேசி, மொத்தமாகக் கட்டி, கடிதம் வாங்கிவிட்டார்.

"முடிஞ்சிடுச்சு சார். லெட்டர் கூட பத்திரமா வெச்சிருக்கேன். போடணுமா?"

"முடிஞ்ச கதைக்கு இன்னும் என்னம்மா? 'இல்லை' போடு."

வேலையில்லாமல் இருந்தவருக்கு மொத்தமாகக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. மணி ஐந்தரை, என் பஸ் ஐந்தே முக்காலுக்கு.

வெள்ளிக்கிழமை படிவங்களை வாங்கிப்போக எங்கள் பாதுகாப்பு அதிகாரி வந்தார். பட்டாளத்தில் இருபத்து நான்கு வருடம் இருந்தவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. மேசைமேல் இருந்த படிவக் கட்டை நின்றபடியே புரட்டினார்.

"இன்னா சார் இது, எல்லாத்துலயும் இல்ல, இல்லன்னே கீது. முப்பத்தெட்டு பேர்ல ஒருத்தன் மட்டுந்தான் கடன்காரனா? இந்த ரோட்டுல கடன் இல்லாம நிக்கிறது சிலைங்க மட்டுந்தான் சார்."

"நீங்க வாசலப் பாத்துக்கங்க சார். பேப்பர நான் பாத்துக்கறேன்."

இவ்வளவு கச்சிதமான முட்டாள்தனமான வாக்கியத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை. அவர் கோபப்படவில்லை. "பட்டாளத்துல ஒருத்தனுக்கு அண்ணன் பர்மாவுல இருந்தான் சார். எழுதிக் குடுத்தான். நாலு தபா கூப்ட்டுக் கேட்டாங்க, அவ்ளோதான். 'இல்ல'ன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு டீ சாப்ட்டு யோசிங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் சொன்ன அந்த ஒரே கடன்காரர் ஏழுமலை, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவருடைய படிவம் என்னிடம் ஒரு கேலிப்பொருளாக இருந்தது. பதினோரு இணைப்புத் தாள்கள். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன், தவணை தவறிய பைக், மச்சானுக்காக ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டது, துபாயில் இருக்கும் மருமகன், மருமகனின் தம்பி, அவன் வேலை பார்க்கும் கடையின் சொந்தக்காரர் எந்த நாடு என்பதுவரை எழுதியிருந்தார். பசுமாடு வாங்கக் கடன் வாங்கி, மாடு செத்துப்போனது தனித் தாளில் இருந்தது.

"செத்த மாட்டுக்கெல்லாமா எழுதுவாங்க ஏழுமல?"

"மாடுதான் சார் செத்துச்சு. கடன் உசுரோட கீது."

நான் சிரித்தேன். அலுவலகமே சிரித்தது. ஏழுமலையும் சிரித்துவிட்டு, தாள்களை ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து விசாரணை வந்தது. படப்பையில் தேவிகாவின் தெருவுக்கு ஒரு காவலர் போயிருக்கிறார். எதிர்வீட்டு அம்மாள் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "பெரிய பொண்ணா? அது சீனாவுல நல்லா செட்டில் ஆயிடுச்சு சார். போட்டோ பாக்கறீங்களா?" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் எந்தத் தவறும் செய்யவில்லை. தேவிகாவின் விஷயத்தில் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த வாரம் ஒப்புதல் தரும் அரசாங்க மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தமிழர். மென்மையாகப் பேசினார். கத்துகிற ஆளாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கம்பெனி சார்பில் நானும் அந்த அறையில் உட்கார வேண்டும் என்றார்கள்.

"உங்களுக்கு அக்கா இருக்காங்களா?"

"இருக்காங்க சார்" என்றார் தேவிகா. சொன்னதும் கண் கலங்கிவிட்டது. பயத்தில் அல்ல என்று எனக்குத் தோன்றியது. அக்கா இருக்கிறார் என்று உரக்கச் சொல்ல அவருக்கு அதுவரை இடமே இல்லாமல் இருந்தது.

"பேசுவீங்களா?"

"தெனம் பேசுவேன் சார். வேல முடிஞ்சு பஸ்ல போறப்ப. அப்பாவுக்குத் தெரியாது."

அதிகாரி ஒரு தாளைத் திருப்பினார். "உங்க கடன மொத்தமா கட்டியிருக்கீங்க. அந்தப் பணம் எங்கேர்ந்து வந்தது?"

"அக்கா அனுப்பினா சார். மாமா கணக்குலேர்ந்து வந்துது. அப்பா ஆபரேஷனுக்கு வாங்குன கடன்தானே, அவளுக்கும் அப்பாதானேன்னு அனுப்பினா. அப்பாகிட்ட கம்பெனி குடுத்த நஷ்டஈடுன்னு சொல்லிட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஓர் அக்கா, ஒரு கடன், ஒரு பண உதவி. தனித்தனியாக எழுதியிருந்தால் இந்த ரோட்டில் எந்த வீட்டிலும் இருக்கிற கதை. நான் போடவைத்த இரண்டு 'இல்லை'களுக்குப் பிறகு அதே கதை வேறு மாதிரி தெரிந்தது: வெளிநாட்டுச் சொந்தத்தை மறைத்தவர், கடனை மறைத்தவர், அந்தக் கடனை அந்தச் சொந்தத்தின் பணத்தால் அடைத்ததையும் மறைத்தவர். அந்த அதிகாரியின் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பேன்.

"படிவம் எழுதறப்ப யாரையாவது கேட்டீங்களா? இப்படி எழுதச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

நண்பர்களே, உங்கள் பணிக்காலத்தில் உங்களுக்கும் ஏழெட்டு வினாடிகள் வரும். அறிவிப்பில்லாமல் வரும். நாவல்களில் இந்த இடத்தில் ஒருவன் எழுந்து நின்று மேசையில் கையை ஊன்றி உண்மையைச் சொல்வான். நான் பேனாவை மூடினேன். பிறகு திறந்தேன். என் மகளின் கல்லூரிக் கட்டணமும், இன்னும் எத்தனை வருடச் சர்வீஸ் பாக்கி என்பதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. என் மனசாட்சி பேசுவதற்கு முன்னால் ஒரு வக்கீலைத் தேடிக்கொண்டிருந்தது.

தேவிகா என் பக்கம் திரும்பவே இல்லை. மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "இல்ல சார். யாரையும் கேக்கல. நானேதான் எழுதுனேன்."

அதிகாரி குறித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

"படிவங்களை நிரப்ப ஊழியர்களுக்குப் பொதுவான வழிகாட்டுதல் தரப்பட்டது" என்றேன். தந்தவன் யார் என்று அந்த வாக்கியத்தில் தேடிப்பாருங்கள், கிடைக்க மாட்டான். பத்தொன்பது வருடத்தில் நான் கற்ற கலை அது.

வெளியே வந்ததும் தேவிகா, "உங்க பேரு எதுக்கு சார் நடுவுல? கையெழுத்து என்னுதுதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

நான்கு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாம் நாள், என் வாழ்க்கையிலேயே துணிச்சலான காரியம் என்று நினைத்து, அந்த அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அக்காவைப் பற்றியும் கடனைப் பற்றியும் தேவிகா என்னிடம் கேட்டார், இரண்டு இடத்திலும் 'இல்லை' என்று எழுதச் சொன்னது நான், தவறு முழுவதும் என்னுடையது. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் மதிப்பு வந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அப்போதும் மென்மையாகத்தான் பேசினார்.

"சார், அக்கா இருக்காங்கன்னு எழுதியிருந்தா நான் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். பத்துக்கும் அந்தம்மா பதில் சொல்லியிருப்பாங்க. 'இல்லை'ன்னு எழுதினதால என்கிட்ட ஒரே கேள்விதான் இருந்தது, ஏன் மறைச்சாங்கன்னு. அதக்கூட குடும்ப விஷயம், பயம்னு என்னால எழுத முடிஞ்சிருக்கும். எழுதி வெச்சிருந்தேன்."

"அதனாலதான் சார் நான் கடிதம்…"

"அந்தக் கடிதம்தான் சார் சிக்கல். யாரையும் கேக்கலன்னு அவங்க அறையில என்கிட்ட நேரா சொன்னாங்க. உங்களக் கேட்டாங்கன்னு நீங்க எழுத்துல குடுத்திருக்கீங்க. படிவத்துல இருந்தது வேற. இப்ப விசாரணையிலயே பொய் சொன்னவங்க ஆயிட்டாங்க. நான் அத ஃபைல்ல வெக்காம இருக்க முடியாது." பிறகு சேர்த்துச் சொன்னார்: "நீங்க அன்னிக்கு அறையில சொல்லியிருக்கலாம்."

உண்மைக்கும் ஷிஃப்ட் நேரம் உண்டு. அதை நான் அன்று தெரிந்துகொண்டேன். அந்த அறையில் சொல்லியிருந்தால் அது தேவிகாவைக் காப்பாற்றியிருக்கும். நான்கு நாள் கழித்து, என் சாப்பாட்டுக்காகச் சொன்னபோது, எனக்காக அவர் சொன்ன ஒரே பொய்யைக் காட்டிக்கொடுத்தது. இதைவிடச் சுருக்கமாக உங்களுக்கு ஒரு பாடம் தர என்னால் முடியவில்லை. மன்னிக்கவும்.

பட்டியல் வந்தது. முப்பத்தேழு பெயர்கள். பதினோரு இணைப்புத் தாள்களும் செத்த மாடுமாக ஏழுமலை அதில் இருந்தார். ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, துபாய் மருமகனைப் பற்றிக் கேட்டார்களாம். "மாட்டப் பத்தி ஒண்ணும் கேக்கல சார்" என்று கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார். தேவிகாவின் பெயர் இல்லை. காரணம் சொல்வது வழக்கமில்லை, சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிந்த நாளில் அவருடைய அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டியவன் நானே. போட்டேன். என் கடிதத்தைப் பற்றி அப்போது அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் ரேஷன் கார்டு விதியைக் கைவிட்டேன். வருகிறவர்களை உட்காரவைத்து, கார்டில் இல்லாதவர்கள் யார், பேசக் கூடாதவர்கள் யார், முடிந்துபோனதாக நினைக்கிற கடன் எது என்று கேட்டேன். எதை எழுத வேண்டும் என்று எனக்கே தெரியாத இடத்தில், தெரியாது என்று ஓரத்தில் என் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு படிவத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வேகம் போதவில்லை என்று மேலே சொன்னார்கள். என் விருப்ப ஓய்வில் கம்பெனிக்கு விருப்பம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

போன மாதம் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் தேவிகாவைப் பார்த்தேன். ஏதோ ஒரு கார் சீட் தைக்கும் கம்பெனியின் சீருடையில் இருந்தார். அடையாள அட்டையில் மறுபடி ட்ரெய்னி. நான் ஒளிந்துகொள்ளத் தூண் தேடுவதற்குள் அவரே வந்து, "நல்லா கீறீங்களா சார்?" என்றார்.

இந்த முறை வக்கீலைத் தேடவில்லை. நின்ற இடத்திலேயே கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே தோள்பையின் வாரைச் சரிசெய்தார்.

"ஓ. அதான் கூப்ட்டு ரெண்டாந்தரம் கேட்டாங்களா? வுடுங்க சார்."

"அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"மறுபடி வூட்டுக்கு விசாரிக்க வந்தப்ப பணம் யாரு அனுப்புனதுன்னு தெரிஞ்சிபோச்சு. ரெண்டு நாள் சாப்புடல. 'என்னக் கேட்டிருந்தா ஆபரேஷனே வேணாம்னு சொல்லியிருப்பேன்'ன்னாரு."

"அக்கா?"

தாம்பரம் போகிற பஸ் திரும்பி வந்து நின்றது. கூட்டம் அதை நோக்கி நகர்ந்தது.

"வேல போனது அவளாலன்னு நெனச்சிக்கினா சார். இல்லக்கா, தப்பு எங்க மேலன்னு எவ்ளோ சொன்னேன். 'என்னால உனக்கு இன்னொரு வேல போவ வேணாம்'னு ஒரு மெசேஜ் போட்டுட்டு நம்பரையே மாத்திட்டா. மாமா நம்பரும் போவல. ஒரு வருஷம் ஆவப்போவுது."

ஏறிக்கொண்டார். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. செல்போனைக் கையில் எடுத்து, பார்த்துவிட்டு, பைக்குள் வைத்தார்.

தண்ணீரை ஊற்றிக்கொண்டு அவருடைய அப்பா ஆறு வருடமாகச் செய்யப் பார்த்து முடியாமல்போன ஒரு காரியத்தை, நான் மூன்று நிமிடத்தில் ஒரு படிவத்தை வைத்துச் செய்து முடித்திருக்கிறேன்.